ஈரம் காயாத முற்றம்

மார்ச் 3, திங்கள்

குப்பை வண்டி நேரத்துக்கு வந்தது. லாரிக்காரர் தொட்டிகளைத் தூக்கி எறியாமல் இறக்கி வைத்தார், அதிசயம். வீட்டில் ஏதோ நல்ல செய்தி போலிருக்கிறது.

சாயங்காலம் வழக்கம்போல் கடைசித் தொட்டியைக் கழுவி வைத்துவிட்டு, தரை முழுக்கக் குழாயால் தண்ணீர் அடித்து முடித்து, ஒரு நிமிடம் நின்று பார்த்தேன். பளபளவென்று இருந்தது. மேலே எரியும் விளக்கு தரையில் தெரிந்தது. இந்த வணிக வளாகத்துக்கு வருகிறவர்கள் முன்பக்கக் கண்ணாடிக் கதவைத்தான் பார்க்கிறார்கள். பின்பக்கம் வந்து பார்த்தால் அல்லவா தெரியும்! எல்லோரும் இதைக் குப்பை மேடு என்கிறார்கள். நான் மட்டும்தான் முற்றம் என்பேன். பதினாறு கடைகளின் குப்பையும் இங்கேதான் வந்து சேர்கிறது. ஆனாலும் மூக்கைப் பிடிக்காமல் நிற்கலாம். துப்புரவு மேற்பார்வை என் கைக்கு வந்த நாளிலிருந்து சாயங்காலம் கழுவாமல் வீட்டுக்குப் போனதில்லை. காய்ச்சலோடு கழுவியிருக்கிறேன்.

அக்கா போனில், "இன்னும் அதே வேலைதானாடி?" என்றாள். அதேதான் என்றேன். அவள் சம்பந்தி வீட்டில் நான் "ஆபீசில்" இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறாளாம். சொல்லிக்கொள்ளட்டும். ஆபீசில் இருக்கிறவர்களில் எத்தனை பேர் தாங்கள் செய்த வேலையில் முகம் பார்க்க முடியும்?

மார்ச் 4, செவ்வாய்

நேற்று அப்படி எழுதியிருக்கக் கூடாது. கண் பட்டுவிட்டது. என் கண்ணேதான்.

சுகாதார அதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். பின்வரிசையில் இருப்பவை பேக்கரி, பழரசக் கடை, கறிக்கடை, சிற்றுண்டிக் கடை. நாலும் சாப்பாட்டுக் கடை. நாலுக்கும் என் முற்றத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். பேக்கரியின் மாவு அறைக்குள் போய் டார்ச் அடித்தார். மூட்டைகளுக்குப் பின்னால் எலிப் புழுக்கை. பழசு இல்லை, புதுசு. ஒரு மாவு மூட்டையின் ஓரத்தில் பல் பட்டிருந்தது. பேக்கரிக்காரம்மா அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டார்.

"மாசக் கடைசியில திரும்ப வருவேன். அப்பவும் ஒரு புழுக்கை கண்ணுல பட்டாலும் பின்வரிசை நாலையும் மூடணும்" என்று கடைக்காரர்கள் சங்கத் தலைவரிடம் சொல்லிவிட்டு முற்றத்துக்கு வந்தார். நான் நிமிர்ந்து நின்றேன். சுற்றிப் பார்த்தார். "பாக்க சுத்தமாத்தான் இருக்கு" என்றார்.

பாக்க! அந்த ஒரு சொல்லை நான் மறக்கப்போவதில்லை.

அவர் போனதும் தலைவர் என் பக்கம் திரும்பினார். "உங்க வீட்டுக்காரர வரச் சொல்லுங்கம்மா. இந்தத் தடவ டபுளா மருந்து வைக்கட்டும்."

ஆமாம், இந்த வளாகத்தில் எலிக்கும் கரப்பானுக்கும் மருந்து வைக்கிறவர் என் வீட்டுக்காரர்தான். பெண்டாட்டி கழுவுகிறாள், புருஷன் கொல்லுகிறார் என்று கறிக்கடைக்காரர் எங்களைக் கிண்டல் செய்வது வழக்கம். இன்று அவர்கூடச் சிரிக்கவில்லை.

மார்ச் 5, புதன்

சாப்பிடும்போது சண்டை.

அவர் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தார். நாளைக்கே வந்து பெட்டி பெட்டியாக மருந்துக்கட்டி வைத்துவிடுவதாகச் சொன்னார். எனக்குப் போன வருடம் ஞாபகம் வந்தது. மருந்தைத் தின்ற எலி பேக்கரிக் கூரைக்குள் போய்ச் செத்து, எங்கே இருக்கிறது என்று தெரியாமல் ஒரு வாரம் நாறி, கேக் வாங்க வந்தவர்கள் கைக்குட்டையோடு திரும்பிப் போனார்கள். செத்தது ஒன்று. அதன் இடத்துக்கு வேறு எத்தனை வந்ததோ.

"வேண்டாங்க" என்றேன். "பக்கத்துலயே கேக்கும் கறியும் கிடக்கும்போது உங்க கட்டிய எந்த எலி சீண்டும்? போன தடவ வச்ச பெட்டியில பாதி அப்படியே இருந்துச்சே. மொதல்ல நாம சோறு போடறத நிறுத்தணும்."

மகள் களுக்கென்று சிரித்துவிட்டாள். அதுதான் வினை. அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"அப்ப நான் இத்தன வருஷமா என்ன புடுங்கிக்கிட்டா இருந்தேன்?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லிட்ட. சரி, நீயே பாத்துக்க. கூப்பிட்டா வரேன்."

"கூப்பிட மாட்டேன்" என்றேன்.

சொல்லும்போது வீராப்பாக இருந்தது. எழுதும்போது அந்த வீராப்பு இல்லை. நாலு கடை. நாலு குடும்பம். பேக்கரிக்காரம்மா தனி ஆளாக அந்த அடுப்பை நம்பி இருக்கிறார். நான் யார் இதில் பந்தயம் கட்ட?

மார்ச் 6, வியாழன்

சங்கத்தில் பேசினேன். மருந்து வைப்பதைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள், அதற்குள் நான் சொல்கிறபடி எல்லாரும் குப்பை போட வேண்டும் என்றேன். முணுமுணுப்பு. பேக்கரிக்காரம்மா எழுந்தார். "செத்த எலி வாடைய அனுபவிச்சவ நான்தான். எனக்கு அது இன்னொரு தடவ வேணாம். இவங்க சொல்றத கேப்போம்." அந்த அம்மாவுக்குக் கோயில் கட்டலாம்.

தலைவர் தாடையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "சரி. ஆனா சரியா வரலன்னா வெளியில இருந்து கம்பெனிய கூட்டிட்டு வந்துடுவோம். மருந்துக்கும் அவங்கதான், குப்ப மேட்டுக்கும் அவங்கதான். அப்புறம் என்மேல வருத்தப்படக் கூடாது."

என் முற்றத்துக்கும்!

மார்ச் 7, வெள்ளி

மூடி வேட்டை. முற்றத்தில் சக்கரத் தொட்டி பதினொன்று, மூடி எட்டு. மிச்சம் மூன்று எங்கே? ஒன்று உடைந்து லாரியோடு போனது. ஒன்றைச் சிற்றுண்டிக் கடைக்காரர் வாசல் பள்ளத்தில் போட்டு அதன்மேல் நடந்துகொண்டிருக்கிறார். மூன்றாவது, பழரசக்காரரின் தண்ணீர் மோட்டாருக்குக் குடையாக இருந்தது.

"மோட்டாரு நனையுதுங்களே" என்றார் பரிதாபமாக.

"உங்க மோட்டாரு நனையக் கூடாது, ஊர் எலியெல்லாம் உங்க ஆரஞ்சுத் தோல்ல குடும்பம் நடத்தலாமா?"

அரை மனதோடு கழற்றிக் கொடுத்தார். பிறகு நானே ஒரு தகரத்தைத் தேடிக் கொண்டுபோய் மோட்டார்மேல் போட்டேன். கோபம் வேறு, மோட்டார் வேறு.

மார்ச் 8, சனி

இன்று ஒரு விஷயம் கண்டுபிடித்து, எங்கே போய் முட்டிக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒவ்வொரு தொட்டியின் அடியிலும் ஒரு துளை உண்டு, அதற்கு ஒரு தக்கையும் உண்டு. கழுவும்போது திறந்து, கழுவியபின் மூட வேண்டும். ஒன்றில்கூடத் தக்கை இல்லை! துளை வழியாக அழுகல் தண்ணீர் சொட்டுகிறது. சின்ன எலி ஒன்று அதன் வழியாகவே உள்ளே போய் வயிறாரத் தின்று வரலாம், மேலே மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும். யார் கழற்றியது என்று என்னோடு துப்புரவு செய்யும் இரண்டு பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி தலையைக் குனிந்தாள். இன்னொருத்தி, நாங்கள் "ரேடியோ" என்று கூப்பிடுகிறவள், பட்டென்று சொன்னாள்: "நாங்கதாங்க்கா. தெனமும் கழுவறோம்ல. ஒவ்வொரு தடவயும் குனிஞ்சு திறந்து குனிஞ்சு மூட இடுப்பு போகுது. அதான் மொத்தமா எடுத்துட்டோம்."

கழுவுவதற்கு வசதியாக எலிக்கு வாசல் வைத்திருக்கிறோம். திட்ட வாய் வரவில்லை. அவள் இடுப்பு எனக்கும் இருக்கிறதே. இரும்புக்கடையில் ரப்பர்த் தக்கை வாங்கி, காலாலேயே இழுத்துத் திறக்கும்படி சங்கிலி கட்டச் சொல்லியிருக்கிறேன். குனிய வேண்டாம். ரேடியோவுக்கு மகிழ்ச்சி.

மார்ச் 10, திங்கள்

சுவர் முழுக்கத் தடவிப் பார்த்தேன். கட்டைவிரல் நுழைகிற சந்து இருந்தால் எலி நுழையும். இது அவர் எப்போதோ சாப்பிடும்போது சொன்னது. அவரிடமிருந்தே திருடிக்கொண்டு அவரிடமே பேசாமல் இருக்கிறேன், பாருங்கள் என் யோக்கியதையை. குழாய் போகும் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கிற இரும்பு நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினோம். சிமெண்டை மட்டும் பூசினால் கடித்துவிடுமாம். இதுவும் அவர் சொன்னதுதான். பின்கதவுகளுக்கு அடியில் ரப்பர்ப் பட்டை. சுவரோரம் சாய்த்து வைத்திருந்த அட்டைப்பெட்டிக் குவியல் மொத்தமும் வெளியே.

மார்ச் 12, புதன்

கறிக்கடைக்காரர் தானே பையை இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டி, கொண்டுவந்து, "பாத்துக்கங்க, முடிச்சு" என்று காட்டிவிட்டுத் தொட்டியில் போட்டார். பள்ளிக்கூடத்துப் பையன் வீட்டுப்பாடம் காட்டுவதுபோல. சிரிப்பை அடக்கிக்கொண்டு "நல்லாருக்கு" என்றேன். மார்பு விம்மிப்போய்விட்டது அவருக்கு. எனக்கும்தான்.

மார்ச் 14, வெள்ளி

ஒரு பை தரையில் இல்லை. ஒரு மூடி திறந்து இல்லை. சாயங்காலம் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு தண்ணீர் அடித்துக் கழுவினேன். அந்த அதிகாரி இப்போது வரட்டும்.

மார்ச் 17, திங்கள்

புழுக்கை. அதே மாவு அறை. அதே மூலை. புதுசு.

பேக்கரிக்காரம்மா சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ஒரு தாளில் மடித்துக் கொண்டுவந்து என் கையில் வைத்துவிட்டு, "என்ன பண்றதுன்னு தெரியலம்மா" என்றார். அவ்வளவுதான்.

என்னடி செஞ்ச நீ? மூடி போட்ட, ஓட்டைய அடைச்ச, பதினாறு கடைக்காரங்ககிட்ட வாய் கிழியக் கத்துன. கடைசியில என்ன? எலி பாட்டுக்கு வருது, போகுது. மருந்து வேணாம்னு சொல்ல நீ யாரு? அவருக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடுச்சு? சும்மா இருந்திருக்கலாமே. சும்மா இருக்க வருதா உனக்கு—

அழுகை வருகிறது. மகள் பார்க்கிறாள். நிறுத்துகிறேன்.

மார்ச் 18, செவ்வாய்

தலைவர் நாள் குறித்துவிட்டார். வருகிற திங்கள்வரைதான். அதற்கப்புறம் கம்பெனி.

சாயங்காலம் கழுவுவதற்கு முன் ஒரு எட்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். சொல்லாமலே இருக்கலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அவர் "அப்பவே சொன்னேன்ல" என்று சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஒரு தடவ நான் வந்து பாக்கட்டுமா? மருந்து இல்லாம. சும்மா."

தலையாட்டினேன். மகளின் அலமாரியைத் திறந்து முகப்பவுடர் டப்பாவை எடுத்தார். அவள் கத்திய கத்து தெருமுனை வரை கேட்டிருக்கும். "அப்பா, அது புதுசு! எலிக்கு மேக்கப் போடப் போறீங்களா?"

"ஆமா. கல்யாணத்துக்குப் போகுதாம்" என்றார் அவர். பல நாள் கழித்து மூன்று பேரும் சிரித்தோம்.

என்னோடு வந்து, நான் முற்றத்தைக் கழுவி முடிக்கும்வரை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஈரமில்லாத இடங்களில் மட்டும், தொட்டிகளைச் சுற்றி, சுவரோரம், பேக்கரியின் பின்கதவுப் பக்கம் மெல்லிசாகப் பவுடரைத் தூவிவிட்டு வந்தார்.

மார்ச் 19, புதன்

காலையில் இருவரும் போனோம். பவுடரில் கால்தடம். குட்டிக் குட்டிக் கைகள் மாதிரி. பார்க்க அழகாகக்கூட இருந்தது, சனியன்.

அவர் குந்தி உட்கார்ந்து தடம் போன வழியே விரலைக் கொண்டுபோனார். வேலியடியிலிருந்து வருகிறது. தொட்டிகளுக்குப் போகிறது, ஒவ்வொன்றையும் சுற்றுகிறது, ஏறவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று வாயைத் திறக்கப் போனேன். அவர் விரல் நிற்கவில்லை. தொட்டிகளை விட்டு, சுவரோரமாக, தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் இருக்கும் மூலைக்குப் போனது. அங்கே தடத்தின்மேல் தடம், சந்தைக்கு வந்த கூட்டம் மாதிரி.

அந்த மூலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. நேற்று நான் அடித்த தண்ணீர்.

"இங்க பாரு. தரை வாட்டம் சாக்கடைப் பக்கம் இல்ல, சுவர்ப் பக்கம் இருக்கு. நீ அடிச்சுத் தள்ளற சோறு, தோலு, கொழுப்பு எல்லாம் பாதி சாக்கடைக்குப் போகுது, பாதி இந்த மூலைக்கு வருது. சாயங்காலம் கழுவற. ராத்திரி முழுக்கக் காயாது. தின்ன சோறு, குடிக்கத் தண்ணி. எலிக்கு வேற என்ன வேணும்?" என்றார். பிறகு மெதுவாக, "நீ தெனமும் விருந்து வச்சிருக்க" என்றார்.

விருந்து.

காய்ச்சலோடு கழுவினேனே. இடுப்பு ஒடிய ஒடியக் கழுவினேனே. மூடி திருடினது பழரசக்காரன், பை கட்டாதது கறிக்கடை, எல்லாரையும் விட்டுட்டு என்னையா சொல்றீங்க? கொல்லறதுதானே உங்களுக்குத் தெரியும், கழுவறத பத்தி உங்களுக்கு என்ன தெரியும்? — இப்படியெல்லாம் கேட்டுவிட்டேன், ரேடியோ காதுபட. இந்நேரம் வளாகம் முழுக்க ஒலிபரப்பாகியிருக்கும்.

மார்ச் 20, வியாழன்

காலையில் தனித்தனியாகக் கிளம்பினோம்.

மத்தியானம் யாரும் இல்லாதபோது கம்பியை எடுத்துக்கொண்டு போய் அந்த மூலையில் உடைந்திருந்த சிமெண்ட் வில்லையை நெம்பித் தூக்கினேன்.

எழுதவே கூசுகிறது. கீழே ஒரு சாண் ஆழத்துக்குக் குழம்பு மாதிரி கறுப்புச் சேறு. அதில் புழு நெளிகிறது. இந்த வருடம் ஏன் இவ்வளவு ஈ என்று எத்தனை பேரிடம் சலித்துக்கொண்டிருக்கிறேன்! லாரி தினமும் குப்பையை எடுத்துப்போகிறது, இது மட்டும் போகாமல் இங்கேயே தங்கியிருக்கிறது. அதற்குப் பக்கத்தில், சுவருக்குள், ஒரு வளை. பேக்கரிப் பக்கமாக.

மேலே பளபளவென்று விளக்கு தெரிந்தது, கீழே இது.

அவர் சொன்னது சரி. அதிகாரி சொன்ன "பாக்க"வும் சரி.

மார்ச் 21, வெள்ளி

இன்று கழுவவில்லை.

காலையில் அவரும் நானும் கொத்தனாரும் சேர்ந்து சேற்றை அள்ளி, வளையை அடைத்து, மூலையைச் சாக்கடைப் பக்கம் சரியும்படி மெழுகினோம். சொட்டிக்கொண்டிருந்த குழாய்க்குப் புது வாஷர். முந்தாநாள் கத்தியதற்கு மன்னிப்பு என்று வாயால் கேட்கவில்லை. வீட்டிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே டப்பாவில் சாப்பாடு கொண்டுபோயிருந்தேன். அவர் புரிந்துகொண்டார்.

சாயங்காலம் தரையை வறட்டுத் துடைப்பத்தால் பெருக்கி, ஒட்டியிருந்ததைத் தகட்டால் சுரண்டி எடுத்துத் தொட்டியில் போட்டோம். அவ்வளவுதான். தண்ணீர் இல்லை. தரை மங்கலாக, பிசுபிசுப்பு மாதிரி கண்ணுக்குப் பட்டது. குளிக்காமல் கல்யாண வீட்டுக்குப் போகிறவள்போல் அங்கிருந்து கிளம்பினேன். வாசல்வரை போய் ஒருமுறை திரும்பி வந்து குழாயைத் தொட்டேன். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்தார்.

மார்ச் 22, சனி

பவுடரில் ஒரே ஒரு எலி. வந்திருக்கிறது, அந்த மூலைக்குப் போயிருக்கிறது, சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது, திரும்பிப் போயிருக்கிறது. ஓட்டல் மூடிவிட்டது என்று தெரிந்திருக்கும்.

நான் கைதட்டினேன். வளர்ந்த பெண்பிள்ளை, குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே நின்று கைதட்டினேன்.

மார்ச் 24, திங்கள்

இனி கழுவுவது காலையில், லாரி போன பின்பு. வெயில் ஏற ஏறத் தரை காய்ந்துவிடும். சாயங்காலம் வறட்டுப் பெருக்கல் மட்டும். தலைவரிடம் சேற்றையும் வளையையும் போனில் எடுத்த படத்தோடு காட்டினேன், இது என் கழுவலால் வந்தது என்றும் சேர்த்தே சொன்னேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு, "சரி, கம்பெனிக்காரன அதிகாரி வந்துட்டுப் போனப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அது போதும்.

சிக்கல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. ரேடியோவுக்கு இரண்டு பிள்ளைகள், காலையில் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். "காலையில கழுவச் சொன்னா என்னால முடியாதுங்க்கா. வேலைய விட்டு வேணா நிறுத்திடுங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளையா நிறுத்துவேன்? காலைக் கழுவல் என்னுடையது என்று சொல்லிவிட்டேன். அவளுக்குச் சாயங்காலப் பெருக்கல். வீட்டில் காலைச் சமையல் அப்பாவும் மகளும். முதல் நாள் சமையலைப் பற்றி எழுதாமல் விடுவது குடும்பத்துக்கு நல்லது.

மார்ச் 27, வியாழன்

மாவு அறை சுத்தம். நாலாவது நாளாக. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் போலிருக்கிறது.

மார்ச் 31, திங்கள்

வந்தார்.

பேக்கரிக்காரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார், நகம் பதிகிற அளவுக்கு. அதிகாரி மாவு அறையில் ஒவ்வொரு மூட்டையையும் நகர்த்தச் சொன்னார். மண்டியிட்டு டார்ச் அடித்தார். மற்ற மூன்று கடைகளும் அப்படியே. பிறகு முற்றம். மூடிகளைத் தூக்கிப் பார்த்தார். தக்கையைக் காலால் இழுத்துப் பார்த்தார், சங்கிலியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். மூலையில் குனிந்து தரையைக் கையால் தொட்டார். கை காய்ந்திருந்தது. விரலைத் தேய்த்துப் பார்த்துக்கொண்டார்.

ஓரமாக நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்து, "நீங்கதானே மருந்து வைக்கறவர்? என்ன மருந்து போட்டீங்க?" என்று கேட்டார்.

"நான் ஒண்ணுமே போடல சார். எல்லாம் இவ செஞ்சது" என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடியும், இன்னும் சத்தமாக, பதினாறு கடைக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "என் சம்சாரம் சார்!"

பின்வரிசை திறந்திருக்கும். நாலும். பேக்கரிக்காரம்மா அழுதுகொண்டே எல்லாருக்கும் பன் கொடுத்தார். அதிகாரிக்கும் கொடுத்தார், அவர் வாங்கக் கூடாது என்று சொல்லிவிட்டு ஆசையோடு பார்த்துக்கொண்டே போனார்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது. மறைக்க என்ன இருக்கிறது? பெருமையாக இருக்கிறது!

ஏப்ரல் 3, வியாழன்

தலைவர் கூப்பிட்டனுப்பினார். பாராட்டத்தான் என்று புடவை முந்தானையைச் சரிசெய்துகொண்டு போனேன். பாராட்டினார். கம்பெனி வேண்டாம், முற்றம் என் பொறுப்பிலேயே இருக்கட்டும் என்றார். அப்புறம் சொன்னார்: "எலியே இல்லங்கறப்போ எலிக்கு மருந்து வைக்கிறவரு எதுக்கு? இந்த மாசத்திலிருந்து உங்க வீட்டுக்காரர் வர வேண்டாம்."

நான் ஜெயித்ததற்குப் பரிசு இதுவா? வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் காய்கறிக்கடையில் தேவையே இல்லாமல் நின்றேன். சொன்னபோது அவர், "நியாயம்தானே" என்றார். அந்த "நியாயம்தானே" என்னைக் குத்தியது. அவர் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

தலைவரிடம் போனேன். பேக்கரிக்காரம்மாவையும் கறிக்கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

"சுவருக்குள்ள எலி எந்த வழியா போகுதுன்னு கண்டுபிடிச்சது நான் இல்லங்க. மூடி, முடிச்சு, தக்கை எல்லாம் போட்டும் என்னால முடியல. அவரு வந்து தடம் பாத்ததாலதான் பின்வரிசை இன்னிக்குத் திறந்திருக்கு. நான் கழுவினதுதான் தப்புன்னு என்கிட்டயே சொல்ல இந்த வளாகத்துல வேற யாருக்குத் தைரியம் இருக்கு, நீங்களே சொல்லுங்க?"

கறிக்கடைக்காரர், "எனக்கு இல்லப்பா" என்றார். தலைவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. மருந்து வைக்க வேண்டாம், மாதாமாதம் வந்து பவுடர் தூவித் தடம் பார்த்து, ஓட்டை பார்த்துவிட்டுப் போகட்டும் என்று முடிவானது. மகளுக்குப் பவுடர் டப்பா புதுசு வாங்கிக் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 8, செவ்வாய்

அக்கா போன். பின்வரிசை பேக்கரியில் யாரோ அவள் சம்பந்தியிடம் என்னைப் பற்றிச் சொன்னார்களாம். "நீ குப்பையில வேல பாக்கறது தெரிஞ்சுபோச்சுடி" என்றாள். "என்ன சொன்னாங்க?" என்றேன். "அவங்க வீட்டுச் சமையலறையில எலி வருதாம். நீ எப்ப வருவேன்னு கேக்கறாங்க."

ஏப்ரல் 12, சனி

அவருக்குப் புது இடத்திலிருந்து அழைப்பு. பெரிய சாப்பாட்டு விடுதி, பின்னால் பெரிய குப்பைக் கொட்டகை, எலி தாங்கவில்லையாம், உடனே மருந்து வேண்டுமாம். காலையில் வண்டியைத் துடைத்துக்கொண்டே, "நீயும் கிளம்பு" என்றார்.

"நான் எதுக்கு?"

"மொதல்ல நீ பாரு. அதுக்கப்புறம் தேவப்பட்டா நான் பெட்டியத் திறக்கறேன்."

வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது அவருடைய மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

விடுதிக்காரர் எங்களைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். "என் ஆளுங்க சுத்தத்துல குறையே வைக்க மாட்டாங்க. அப்படியும் எலி வருது, மாயமா இருக்கு" என்றார். கொட்டகையின் தரை முழுக்க ஈரம். பளபளவென்று. ஓரத்தில் ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், குழாயைச் சுருட்டிக்கொண்டு நின்றாள். எங்களைப் பார்த்ததும் புடவையில் கையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். நேற்று சாயங்காலமும் கழுவினாளாம், ஆட்கள் வருகிறார்கள் என்று இன்று காலையும் கழுவினாளாம். "ஒரு சோத்துப் பருக்க பாக்க முடியாதுங்க" என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்க்கவில்லை, பார்த்தால் ஏதாவது சொல்லிவிடுவார். சுவரோர மூலை என் கண்ணில் ஏற்கனவே பட்டுவிட்டது. இருக்கட்டும். அது எங்கும் ஓடிப்போகாது.

அவள் பக்கத்தில் போய் நின்றேன். "ரொம்ப நல்லா கழுவியிருக்கீங்க" என்றேன். அவள் முகம் மலர்ந்தது. அப்புறம் இரண்டு பேருமாகக் குந்தி உட்கார்ந்தோம்.